எண்பதில் நின்ற பேட்டரியும் நூறு காட்டிய பேட்டரியும்

ஐந்து ஆண்டுகளாக என்னிடம் இருப்பது ஒரே மடிக்கணினி. அதன் பேட்டரி என்னை இருமுறை ஏமாற்றியது. முதல்முறை நலமாக இருந்துகொண்டே நோயாளிபோல் நடித்தது. அடுத்த முறை நலிந்துபோன பிறகும் நூறு சதவீதம் என்று மார்தட்டியது.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் சார்ஜ் 80 சதவீதத்தில் நின்றுவிட்டது. இரவு முழுக்கச் செருகி வைத்தும் காலையில் அதே 80. சார்ஜரை மாற்றினேன், வேறு பிளக்கில் போட்டேன், புது பேட்டரி வாங்கவும் ஆயத்தமாகிவிட்டேன். கடைசியில் பார்த்தால், கணினியோடு வந்த மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது பேட்டரியைக் காக்கும் அமைப்பு ஒன்றைத் தானே இயக்கிவிட்டிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அணைத்தேன், சார்ஜ் 100க்கு ஏறியது. வென்றுவிட்டதாக நினைத்தேன். உண்மையில் அன்றுதான் பேட்டரியைக் கெடுக்கத் தொடங்கினேன்.

என் கணினி பெரும்பாலும் மேசையில், மின்சாரத்தோடு இணைந்தே கிடக்கும். பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல் முழுதாக நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.2 வோல்ட். அந்த உச்சத்திலேயே நாள்கணக்கில் நிற்பதும், கூடவே சூடாவதும் அதற்கு ஆகாது. உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமெடுக்கும். மின்னைச் சுமக்க வேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதி அவற்றில் சிக்கிப் பயனற்றுப் போகும். நானோ வீடியோ தொகுக்கும் வேலையையும் அதிலேயே செய்துகொண்டிருந்தேன். அடிப்பாகத்தில் கை வைக்க முடியாது.

நான்காம் ஆண்டில் விளைவு தெரிந்தது. திரையில் 100 என்று காட்டும். பிளக்கைப் பிடுங்கினால் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. சில நாள் 30 சதவீதம் இருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். வடிவமைப்புக் கொள்ளளவு 50,000 மில்லிவாட் மணி. இப்போது முழுதாக நிரப்பினால் கொள்வது 31,000. சதவீதம் பொய் சொல்லவில்லை. சுருங்கிப்போன குடத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டு நிறைகுடம் என்றது, அவ்வளவுதான்.

முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அணையும்வரை ஓடவிட்டு, மறுபடி ஏற்றினேன். 30இல் அணையும் தொல்லை குறைந்தது, ஏனென்றால் அளவு காட்டும் கணக்கு சரியானது. பேட்டரி தாங்கும் நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. மாதந்தோறும் இப்படிக் காலி செய்யச் சொல்பவர்கள் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியின் பாடத்தை இன்னும் ஒப்பிக்கிறார்கள்.

பிறகு டச்பேட் ஓரம் லேசாகத் தூக்கியது. பேட்டரி உப்பியிருந்தது. அதற்குமேல் சோதனை, சிக்கனம் எல்லாம் வேண்டாத வீரம். அன்றே நிறுத்திக் கழற்றக் கொடுத்தேன். பழையதை மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்த்தேன். அதைக் குத்துவதோ அழுத்துவதோ தீயை அழைப்பது.

புது பேட்டரியை 80இலேயே நிறுத்தி வைத்து ஓராண்டாகிறது. வெளியூர் கிளம்பும் நாளின் முந்தைய இரவு மட்டும் 100. அறிக்கையில் இன்னமும் 48,000க்கு மேல் காட்டுகிறது. எனக்கு ஒரே ஒரு குறை: அந்த அமைப்பை இன்றும் மூன்று பட்டியல்களுக்கு அடியில்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.