பழைய மெத்தையைப் பழுது பார்ப்பதா, பிரித்துவிட்டு காங்கிரீட் போடுவதா?

வேலூரில் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, வேலப்பாடி பக்கம் தாத்தா காலத்து வீடு வைத்திருப்பவர்கள் என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். கீழே தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் மூலைவாட்டமாக நிறுத்தி அடுக்கிய சின்னச் செங்கல், அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம். இந்தக் கூரைத் தளத்தைத்தான் மெத்தை என்போம், மெட்ராஸ் டெரஸ் என்றும் சொல்வார்கள். அது ஒழுக ஆரம்பித்ததும் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் "பிரிச்சுப் போட்டுடு" என்பார்கள், மீதிப்பேர் "தொடாதே" என்பார்கள்.

எங்கள் வீட்டில் 2025 தை மாதம் ஆரம்பித்து இரண்டையும் செய்தோம். சமையலறையும் இரண்டு சின்ன அறைகளும் இருக்கும் பின்கட்டு 280 சதுர அடி. அதன் மெத்தையை இறக்கிவிட்டு காங்கிரீட் தளம் போட்டோம். முன்கூடம் 240 சதுர அடி. அதைப் பழைய முறையிலேயே பழுது பார்த்தோம். ஒரே வீடு, ஒரே மேஸ்திரி, ஒரே விலைவாசி. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. (வீட்டையே இடித்துக் கட்டலாமா என்றும் கேட்டுப் பார்த்தோம். சதுர அடிக்கு 2,300 ரூபாய் சொன்னார்கள். 900 சதுர அடிக்கு 20 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டோம்.)

முதலில் பணம். பின்கட்டுக்கு மேஸ்திரி போட்டுக் கொடுத்த கணக்கு 1,70,000 ரூபாய். ஆனது 1,95,000. பழைய மெத்தையை இறக்கி மண் அள்ளிப் போட 34,000, கம்பி, சிமென்ட், எம்-சாண்ட், ஜல்லிக்கு 58,000, சென்ட்ரிங்கும் (காங்கிரீட் இறுகும்வரை கீழே தாங்கும் தட்டும் முட்டும்) கூலியும் 44,000, சுவரின் தலையைச் சரிசெய்து உள்பக்கம் பூச 29,000, மேலே கூலிங் டைல்ஸ் 30,000. சிமென்ட்டுக்கு அப்போது 28 சதவீத ஜிஎஸ்டி. செப்டம்பர் 22-ஆம் தேதி அதை 18 ஆகக் குறைத்தபோது எங்கள் வேலை முடிந்து நாலரை மாதம் ஆகியிருந்தது.

முன்கூடத்துக்குச் சொன்னது 60,000. ஆனது 1,38,000. இரண்டு மடங்குக்கும் மேல்.

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பழைய மெத்தையின் செலவைக் கீழே நின்று பார்த்துச் சொல்லவே முடியாது. கூடத்தில் 16 கட்டைகள். கண்ணுக்குக் கெட்டது இரண்டுதான். மேஸ்திரி ஏணியில் ஏறி ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். நடுவில் தட்டினால் எல்லாமே 'டொக்' என்று நல்ல சத்தம். சுவருக்குள் நுழையும் முனையில் தட்டியபோது நாலைந்து கட்டைகள் 'பொத்' என்றன. ஒரு முனையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே பளபளவென்று வார்னிஷ், உள்ளே செல்லு (கரையான்) தின்ற தூள். மழையில் நனைந்த சுவரின் ஓதம் முதலில் ஏறுவது அந்த முனையில்தான், செல்லும் அங்கேதான் வரும். "தம்பி, மிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார். பிரித்தோம். ஆறு கட்டைகள் போயிருந்தன. ஒரு கட்டையை எடுக்க வேண்டுமானால் அதற்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுத்து, மேலே உட்கார்ந்திருக்கும் செங்கலையும் இறக்கியாக வேண்டும். ஆறு கட்டை என்றால் பாதிக் கூடம்.

எங்களுக்கு ஒரு வழி இருந்தது. பின்கட்டை முதலில் பிரித்ததால் அங்கிருந்து நல்ல தேக்கு கிடைத்தது. அதில் ஆறைப் பொறுக்கி, முனை வெட்டி, செல்லு மருந்து அடித்து முன்கூடத்தில் ஏற்றினோம். தச்சுக்கூலியும் மருந்தும் சேர்த்து 13,000. புதுத் தேக்கு வாங்கியிருந்தால் இன்னும் 26,000 ஆகியிருக்கும். அதையும் கூட்டிப் பார்த்தால் பழுது சதுர அடிக்கு 683 ரூபாய், காங்கிரீட் 696. அதாவது விலை ஒன்றுதான். 'பழுது பார்த்தால் மிச்சம்' என்று நினைத்து இறங்குபவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கில் காங்கிரீட்டுக்கே வெற்றி. பின்கட்டு 44 நாளில் முடிந்தது. அதிலும் 9 நாள் சென்ட்ரிங் தட்டு வராமல் வீணாகப் போனது. தட்டு தருவதாகச் சொன்னவர் வேறொரு பெரிய வேலைக்கு அதை அனுப்பிவிட்டார். தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட். அதற்குக் குறைந்தது 10 நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் போதாமல் இரண்டு முறை லாரித் தண்ணீர் வாங்கினோம்.

முன்கூடம் 58 நாள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பதே கஷ்டம். மேஸ்திரிக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து நான்கு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். சுண்ணாம்பை ஊறவைத்துப் பதப்படுத்தவே நாள் போனது. கடுக்காயை இடித்து டிரம்மில் ஊறப்போட்டு, வெல்லத்தைக் கரைத்துச் சேர்த்தார்கள். வீடு முழுக்க ஒரு புளித்த வாசனை. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, அந்தத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் ஜல்லியை அடித்தார்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை தப் தப் தப். எப்போது போதும் என்று கேட்டேன். பெரியவர் கட்டையை என் கையில் கொடுத்து ஓங்கி அடிக்கச் சொன்னார். முதல் நாள் அடித்தபோது கட்டை அப்படியே பதிந்தது. நான்காம் நாள் அதே இடத்தில் அடித்தால் எகிறிக் குதித்தது. "அதான் கணக்கு" என்றார். 1,38,000-இல் 84,000 கூலி என்பது அன்றைக்குத்தான் எனக்கு நியாயமாகப் பட்டது.

அப்புறம் மே மாதம் கத்திரி வந்தது. வேலூர் வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் பாறை மலை, 40 டிகிரி எல்லாம் சாதாரணம். மதியம் மூன்று மணிக்கு முன்கூடத்தில் ஃபேன் போட்டால் காற்று காற்றாக வருகிறது. பின்கட்டில் அதே ஃபேன் அனலை இறக்குகிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம் ராத்திரியில் தெரிந்தது. பத்து மணி ஆகியும் காங்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை விட்டுக்கொண்டே இருந்தது. செங்கல், சுண்ணாம்பு, மேலே பதிக்கும் தட்டை ஓடு எல்லாம் சேர்ந்து பழைய மெத்தை ஏறக்குறைய 8 அங்குல கனம். எங்கள் காங்கிரீட் தளம் 5 அங்குலம். வெள்ளை கூலிங் டைல்ஸ் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் புழுதி படிந்தால் அதன் வேலை குறைந்துவிடும், மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். அம்மா கத்திரி முதல் வாரமே கட்டிலை முன்கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். இன்னும் திரும்பப் போகவில்லை.

மழையில் இதுவரை இரண்டும் ஒழுகவில்லை. ஆனால் கவனிப்பில் வித்தியாசம் உண்டு. பழைய மெத்தையின் கைப்பிடிச் சுவரில் ஓர் அரசஞ்செடி முளைத்தால் அன்றைக்கே வேரோடு எடுத்துவிட வேண்டும், விட்டால் சுண்ணாம்பைப் பிளந்துகொண்டு இறங்கும். காங்கிரீட்டை அந்த அளவுக்குக் காவல் காக்க வேண்டாம்.

என் முடிவைக் கேட்டால், கட்டை முனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெட்டுப்போயிருந்தாலோ, சமையலறை, குளியலறை மாதிரி எப்போதும் ஈரம் இருக்கும் இடம் என்றாலோ காங்கிரீட் போடுங்கள். படுக்கும் இடம், வயதானவர்கள் இருக்கும் இடம் என்றால் பழைய மெத்தையைக் காப்பாற்றுங்கள், சொன்ன கணக்கைப் போல இரண்டு மடங்கு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். காங்கிரீட் போட்டுவிட்டால் மேலே மாடி எழுப்பலாம் என்ற கணக்கில் மட்டும் பிரிக்காதீர்கள். பாரத்தைத் தாங்கப் போவது அதே பழைய சுவரும் அதே கடைக்காலும்தான். பொறியாளர் ஒருவர் கடைக்காலைத் தோண்டிப் பார்த்துச் சொல்லாமல் மாடியைப் பற்றிப் பேசக்கூடாது.

கடன் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியிருக்கும் வீட்டைப் பழுது பார்க்க வாங்கும் கடனின் வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைக்கும்தான் கழிவு. புது வீடு கட்டுபவர்களுக்கு இருக்கும் 2 லட்சத்தை நினைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

முன்கூடத்தில் மாற்றாமல் விட்ட பத்துக் கட்டைகளில் மூன்றின் முனையில் சாக்பீஸால் குறி போட்டு வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் ஆவணியில், மழைக்கு முன்னால், ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஆவணியில் மூன்றும் 'டொக்' என்றுதான் சொல்லின.