பிளஸ் ஒன் சேர்க்க நாமக்கல் விடுதிப் பள்ளியா, ஊர் அரசுப் பள்ளியா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்ப்பதா, ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே விடுவதா? நான் முதலாவதில் படித்தவன். 2012 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினேன். அதே மார்ச்சில் என் சித்தப்பா மகன் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எழுதினான். அப்புறம் வேறு வேறு கல்லூரிகளில் இருவரும் மெக்கானிக்கல் எடுத்தோம். இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்க்க எனக்கு அது போதும்.

எங்கள் காலத்தில் விடுதிப் பள்ளிக்குப் போனதற்கு வலுவான காரணம் இருந்தது. 2007இல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் எடுத்து, கணக்கை 100க்கும், இயற்பியல், வேதியியலை ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கி 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். அரை மதிப்பெண்ணில் கல்லூரியே மாறும். அந்த அரை மதிப்பெண்ணைப் பிடித்துத் தருகிறோம் என்றுதான் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரப் பள்ளிகள் பெயர் வாங்கின. ராமநாதபுரத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள்.

பிடித்துத் தரவும் செய்தார்கள், அதை மறுக்க மாட்டேன். விடியும் முன்பே வார்டன் விசில். குளித்து முடித்தால் ஸ்டடி, பிறகு வகுப்பு, மாலையில் டெஸ்ட், சாப்பிட்டதும் மறுபடி ஸ்டடி. வான் டி கிராஃப் மின்னியற்றி என்றால் படம், தத்துவம், அமைப்பு, செயல்படும் விதம் என்ற வரிசை மாறக் கூடாது. புத்தகத்தில் இருக்கும் சொல்லே தாளிலும் இருக்க வேண்டும், முக்கியமான சொல்லுக்குக் கறுப்பு மையில் அடிக்கோடு. ஒரு வரி விட்டுப்போனால் முழு விடையையும் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பை மனதில் வைத்து நடந்த பயிற்சி அது. தேர்வும் அப்போது பெரும்பாலும் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைத்தான் கேட்டது. என் கட்-ஆஃப் சித்தப்பா மகனுடையதைவிட நன்றாகவே உயர்ந்தது. நல்ல கல்லூரியும் கிடைத்தது.

அவன் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் பிடித்துப் போட்ட பிறகுதான் பாடம் நகர்ந்தது. ஆனால் இயற்பியல் சார் பிளஸ் ஒன்னிலேயே வெர்னியரையும் ஸ்க்ரூ கேஜையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து அளக்கவிட்டார். எங்களுக்கோ செய்முறைத் தேர்வு நெருங்கிய பிறகுதான் ஆய்வகக் கதவு திறந்தது.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இரண்டு வருடத்துக்கு லட்சக்கணக்கில் ஆனது. அவனுக்குக் கட்டணம் இல்லை, சைக்கிளும் லேப்டாப்பும் அரசு கொடுத்தது.

இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் பிளஸ் ஒன்னில்தான் இருந்தது. எங்களுக்கு அந்த வகுப்பின் காலாண்டுக்கு முன்பே பிளஸ் டூ புத்தகம் கைக்கு வந்துவிட்டது. பிளஸ் ஒன் புத்தகத்தை ஒப்புக்குப் புரட்டினோம், பிறகு மூடி வைத்துவிட்டோம். கட்-ஆஃபுக்கு உதவாத புத்தகம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். நியூட்டன் விதிகள், சுழற்சி இயக்கம், வெப்ப இயக்கவியல், வகைக்கெழுவின் அடிப்படை எல்லாம் அதற்குள்தான் இருந்தன. இயற்பியலில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கிய நான், விசை என்பதை ஒழுங்காகப் படிக்காமலே மெக்கானிக்கலில் போய் உட்கார்ந்தேன்.

கல்லூரி முதல் ஆண்டில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் வகுப்பு. பேராசிரியர் சாய்தளத்தில் ஒரு கட்டையை வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளைக் குறிக்கச் சொன்னார். என் நோட்டில் கட்டை மட்டும்தான் இருந்தது. எடையை சைன், காஸ் என்று பிரிக்க வேண்டும், உராய்வு எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அன்று ராத்திரி போனில் சித்தப்பா மகன் சொல்லிக் கொடுத்தது. அவனுக்கு அது பழைய பாடம். அவனுடைய கஷ்டம் வேறு: தமிழ் வழியில் படித்தவன், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு காதில் ஏறவே அவனுக்கு ஒரு வருடம் பிடித்தது. ஆனால் புரிந்த பாடத்தை வேறு மொழியில் சொல்லப் பழகுவது ஒன்று, படிக்காமல் விட்ட பாடத்தைப் பரீட்சைக்கு நடுவே தனியாகப் படிப்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில், என்னுடையதுதான் பெரிய கஷ்டம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதற்குப் பிறகு நிலைமை நிறையவே மாறிவிட்டது. 2017இல் மருத்துவத்துக்கு நீட் வந்தது. அதன் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள், 1200 மதிப்பெண் 600 ஆனது, முதலிடம் இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதும் நின்றது. புத்தகங்களும் புதிதாக வந்தன. மனப்பாடத்தின் மதிப்பு இதனால் குறைந்தது. விடுதிப் பள்ளிகளும் சும்மா இருக்கவில்லை, நீட், ஜேஇஇ பயிற்சியைச் சேர்த்துக்கொண்டு கட்டணத்தைக் கூட்டின.

இந்தப் பக்கம் 2020இல் மருத்துவத்திலும் அடுத்த ஆண்டு பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் கடன் வாங்கித் தனியார் விடுதிக்கு மாற்றும் பெற்றோர் அந்த ஒதுக்கீட்டைக் கையாலேயே கழித்துவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் அப்படிச் செய்தபோது மனசு தாங்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊர்ப் பள்ளிதான் சரி. அங்கே ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் தலைமை ஆசிரியரையும் மேலாண்மைக் குழுவையும் விடாமல் போய்க் கேளுங்கள். விடுதி கட்டாயம் வேண்டும் என்றால் அரசு மாதிரிப் பள்ளிகளை முதலில் விசாரியுங்கள்.

ஆரம்பத்திலிருந்தே தனியாரில் படித்த பிள்ளைக்கு ஒதுக்கீட்டுக் கணக்கு பொருந்தாது. வீட்டில் படிக்கவே இடமில்லை, அல்லது தினமும் சண்டை என்றால், விடுதி அந்தப் பிள்ளைக்கு நிம்மதிகூட. என் அறையில் இருந்த ஒருவன் லீவு விட்டாலும் வீட்டுக்குப் போகத் தயங்குவான். இந்த மாதிரி வீடுகளுக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சேருங்கள். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த வருடத்தை முழுங்கிவிட்டுப் பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பழைய வழியும் இதனால் திறந்துகொண்டது. அலுவலகத்தில் காட்டும் ரிசல்ட் பட்டியலோடு திரும்பிவிடாதீர்கள். அங்கே படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளை ஒருவரிடம் தனியாகப் பேசி, இயற்பியலில் இப்போது எந்தப் பாடம் நடக்கிறது என்று கேளுங்கள். பிளஸ் டூ பாடத்தின் பெயரைச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்.