மதியத்துக்கு மேல் மங்கும் இடது கண்: என் ஸ்கிளீரல் லென்ஸ் அனுபவம்

இடது கண் லென்ஸ் மறுபடியும் திருத்தப்பட்டு வந்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட அக்கா ஒருவர், "தம்பி, நீ போடுறியே அந்தப் பெரிய லென்ஸ், அது நல்லாயிருக்கா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றார். அவர் மகனுக்கும் என்னைப் போலவே கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி கூம்பாகிவிடும் நோய், என்று ஈப்போவில் சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலை ஒன்றில் எடைமேடையில் எனக்கு வேலை. குலை ஏற்றி வரும் லாரியின் நம்பரைப் பார்த்துப் பதிய வேண்டும். கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கிவிட்டதால், கண்ணாடி போட்டாலும் ஒரு நம்பர் மேலும் கீழும் நிழலோடு மூன்றாகத் தெரியும். முன்பு போட்ட சின்ன ஹார்ட் லென்ஸ் கருவிழி மேலேயே உட்காரும். ஆலை வாசலில் ஒரு தூசி அதற்குள் போனால் போதும், வேலையை விட்டுவிட்டுக் கண்ணைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

ஸ்கிளீரல் அப்படியில்லை. பதினாறு மில்லிமீட்டர் அகலம். கருவிழியைத் தொடாமல் மேலே வளைந்து போய், கண்ணின் வெள்ளையில் உட்காரும். நடுவில் சலைன், அதாவது சுத்தமான உப்புநீர், நிற்கும். மேடு பள்ளமான கருவிழியை அந்தத் தண்ணீர் நிரவிவிடுவதால் எழுத்து நேராகத் தெரிகிறது. தூசி உள்ளே போவது அபூர்வம். புகைமூட்டக் காலத்தில் ஆபீசில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். பார்வை தெளிவது வேறு, லென்ஸ் பொருந்துவது வேறு. கோலாலம்பூரில் முதலில் பொருத்திய இடத்தில் சுவரில் இருந்த எழுத்தைக் கடைசி வரி வரை படித்தேன். 'பாகுஸ்', நன்றாக இருக்கிறது என்றார்கள், பில் போட்டார்கள். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று மெஷினில் படம் எடுத்துக் காட்டினார்கள். போட்ட உடனே பார்க்கிற அந்த இடைவெளி அப்படியே நிற்காது. வெள்ளை மேல் இருக்கும் சவ்வு மெத்து மெத்தென்று இருப்பதால் லென்ஸ் சில மணி நேரத்தில் நூறு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, வரைக்கும்கூடக் கீழே இறங்கிவிடும். ட்ரயல் லென்ஸோடு அரை மணி நேரம் உட்கார வைத்து, ஏர்கோன் அறையில் ஓரத்தைப் பார்த்து ஆர்டர் போட்டால், மூன்று மணிக்கு எடைமேடையில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். மூக்குப் பக்கம் ஒரு சிவப்புப் பட்டை விழும். அப்புறம் பனிமூட்டம் மாதிரி இடது கண் மெல்ல வெளுக்கும். கண்ணீரில் இருக்கும் கொழுப்பும் சளியும் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே போய்ச் சலைனைக் கலக்கிவிடுகிறதாம். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. கழற்றி, கழுவி, புதுச் சலைன் ஊற்றித்தான் போட வேண்டும். ரப்பர் உறிஞ்சியை லென்ஸின் நடுவில் வைத்து இழுத்தால் அசையாது. கீழ் ஓரத்தில் வைத்துச் சாய்த்தால்தான் விடும். திரும்பப் போட, மூன்று விரலில் லென்ஸை நிறுத்தி, சலைன் தளும்பத் தளும்ப ஊற்றி, முகத்தைத் தரைக்கு நேராகக் குனிந்து, இமையை விரித்துக் கண்ணை அதில் முக்க வேண்டும். ஒரு சொட்டு குறைந்தால் உள்ளே காற்றுக் குமிழி. மறுபடியும் முதலிலிருந்து. வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பான். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றவே கூடாது. அதில் இருக்கக்கூடிய அமீபா கருவிழியையே தின்றுவிடும்.

காலையிலிருந்து போட்டபடியே வா, கழற்றாதே என்று சொன்ன லென்ஸ் பொருத்துபவர் அப்புறம் வேறு இடத்தில் ஒருவர்தான் கிடைத்தார். மஞ்சள் சாயம் சொட்டி, நீல விளக்கில் ஓரம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். கண்ணின் வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்காதாம். மூக்குப் பக்கத் தசை கருவிழிக்குக் கொஞ்சம் நெருக்கமாகவே ஒட்டியிருக்கும், அதனால் லென்ஸ் வெளிப்பக்கமாகச் சறுக்கப் பார்க்கும். இதற்கு மேல் என் இடது கண்ணில் மூக்குப் பக்கமாக ஒரு மஞ்சள் மேடு வேறு. வெயில், காற்று, தூசி பட்டு வருவது. "வெளியில வேலையா?" என்று கேட்டார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது! ஓரம் அந்த மேட்டில்தான் ஏறி நின்றிருக்கிறது. முதல் இடத்தில் அத்தனை தடவை பார்த்தும் யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்போது வந்திருக்கும் லென்ஸில் அந்த இடத்தில் ஓரத்தைச் சின்னதாக வெட்டியிருக்கிறார்கள். குறியைப் பார்த்துச் சரியான திசையில் போட வேண்டும், இது ஒரு கூடுதல் தொல்லை. சிவப்பு போய்விட்டது. மங்கல் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. ஏன் என்று கேட்டால், சிலருக்கு அப்படித்தான், முழுக் காரணம் பிடிபடவில்லை என்கிறார். மழுப்பாமல் சொன்னதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. திருத்தித் தரும் காலம் முடிந்துவிட்டது என்று மறுபடியும் காசு கேட்ட அந்தப் பழைய இடத்தின் மேல்தான் கோபம்.

அக்கா, பையனைக் கண் கசக்க விடாதீர்கள். கூம்பு மேலும் வளராமல் நிறுத்தும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை அவனுக்கு உதவுமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இந்த லென்ஸை இந்த விலைக்கு வாங்கலாமா என்றால், வேண்டாம். ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டிவிட்டு மதியம் கழிவறையில் குனிந்து நிற்பது அவனுக்கு எதற்கு?

என் வலது கண்ணைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். காலையில் போட்டால் இரவு வரை போட்ட நினைப்பே இருக்காது. அதற்கு இன்னொன்று கடைந்து வைக்கச் சொல்லிப் போன வாரம்தான் முன்பணம் கட்டினேன். இது கைதவறி உடைந்துவிட்டால் நான் என்ன செய்வது?