போக்கா, ப்ராக்கா? பழைய பேசிக் மொழிகளில் எனக்குப் பிடித்தது எது

அக்கா பையனுக்கு விடுமுறையில் புரோகிராமிங் காட்டலாம் என்று 1980களின் வீட்டுக் கணினிகளில் இருந்த பேசிக் மொழிகளைக் கிளறினேன். ஏன் இவ்வளவு பழசு? சுவிட்சைப் போட்டால் நேரே மொழிக்குள் போய் நிற்கும். எதையும் நிறுவ வேண்டாம், முதல் வரியை அடித்தால் அங்கேயே பதில் வரும். இன்றைய கணினியில் இந்தச் சௌகரியம் இல்லை. கடைசிச் சுற்றில் மூன்று நின்றன: கொமடோர் 64இன் பேசிக் வி2, சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பேசிக், பிபிசி மைக்ரோவின் பேசிக். மூன்றையும் எமுலேட்டரில்தான் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளில்) ஓட்டினேன். அதனால் விசைகளின் தரம், கேசட் படுத்தும் பாடு போன்ற விஷயங்களில் என் பேச்சை நம்பாதீர்கள்.

எடுத்தது பிபிசி பேசிக்.

விலை, படம், ஒலி எல்லாம் ஊரறிந்த கதை. ஸ்பெக்ட்ரம் 1982இல் 125 பவுண்டிலிருந்து கிடைத்தது. பிபிசி மைக்ரோ அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. விளையாட்டு என்று வந்தால் கொமடோரின் ஸ்பிரைட்டும் (திரையில் தனியாக நகர்த்தக்கூடிய சிறு படம்) சிட் ஒலிச் சில்லும் தனி ரகம். வேகத்தில் பிபிசி முந்தும். அதன் 6502 செயலி 2 மெகாஹெர்ட்சில் ஓடுகிறது. இதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். நான் பார்த்தது ஒன்றுதான்: இன்று எழுதிய நிரலை ஒரு மாதம் கழித்துத் திறந்தால் புரிகிறதா? புரிந்தாலும், மற்றதைக் கெடுக்காமல் அதில் கை வைக்க முடிகிறதா?

கொமடோர் இங்கேதான் சறுக்குகிறது. அதன் வன்பொருள் அற்புதம், ஆனால் மைக்ரோசாஃப்டிடமிருந்து வாங்கிய அதன் பேசிக்குக்கு அந்த வன்பொருள் இருப்பதே தெரியாது. கோடு போடவோ ஒலி எழுப்பவோ கட்டளை இல்லை. எல்லாவற்றுக்கும் போக், அதாவது நினைவகத்தின் ஒரு முகவரியில் நேரடியாக எண்ணைப் போடும் கட்டளை. திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க 53280இல் 0 போட வேண்டும், நடுப்பகுதிக்கு 53281. ஸ்பிரைட்டை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் 255ஐத் தாண்டியதும் ஒரு பைட்டில் இடம் போதாது. மிச்சமுள்ள ஒரு பிட்டுக்கு 53264க்கு ஓட வேண்டும், அங்கே எட்டு ஸ்பிரைட்டுகளின் பிட்டுகளும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. பையன் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, இது புரோகிராமா, போன் நம்பரா?" என்றான்.

பெயர் வைப்பதிலும் இடைஞ்சல். மாறியின் (மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்தின்) பெயரில் முதல் இரண்டு எழுத்துகளைத்தான் அது பார்க்கும். பிளேயர் (PLAYER), பிளேன் (PLANE) இரண்டும் அதற்கு ஒரே மாறி, ஒன்றில் மதிப்புப் போட்டால் மற்றது அழிந்துவிடும். ஸ்கோர் (SCORE) என்று வைத்தால் நடுவில் ஆர் (OR) என்ற கட்டளைச் சொல் இருப்பதால் சின்டாக்ஸ் எரர். நல்ல பெயரே வைக்க முடியாத மொழியில் பழைய நிரலைப் படிப்பது எப்படி?

ஸ்பெக்ட்ரம் பேசிக்கின் மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு. வரியை அடித்து என்டர் தட்டியவுடனேயே பிழை பார்க்கிறது, தப்பு இருந்தால் உள்ளே விடுவதில்லை. பிளாட், டிரா, சர்க்கிள், பீப் எல்லாம் கட்டளைகளாகவே இருக்கின்றன. பி விசையைத் தட்டினால் பிரிண்ட் முழுதாக வந்து விழுவது முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. சிக்கல் நினைவகத்தில். நிரலில் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் அதன் ஐந்து பைட் வடிவத்தை ஓர் அடையாளப் பைட்டோடு சேர்த்து ஒளித்து வைக்கிறது, ஆக வெறும் 0 எழுதினாலே ஏழு பைட் போகிறது. அதற்குப் பதில் நாட் பை (NOT PI) என்று எழுதினால் மதிப்பு அதே பூஜ்யம், செலவு இரண்டே பைட். 1க்கு எஸ்ஜிஎன் பை. 16 கிலோபைட் மாடலில் குடித்தனம் நடத்தியவர்கள் இப்படித்தான் மிச்சம் பிடித்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அந்த நிரலைப் பிறகு படிப்பவன் பாவம். எண் மாறிக்கு நீளப் பெயர் வைக்கலாம், சரங்களுக்கும் (எழுத்துத் தொடர்) அணிகளுக்கும் (மதிப்புகளின் வரிசை) ஒற்றை எழுத்துதான். எல்ஸ் (‘இல்லையென்றால் இதைச் செய்’) கிடையாது. கொமடோரிலும் இல்லை.

பிபிசி பேசிக்கை எழுதியவர் ஏக்கார்ன் நிறுவனத்தின் சோஃபி வில்சன். பின்னாளில் ஏஆர்எம் செயலியின் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தவரும் அவர்தான். இங்கே ப்ராக் என்று தொடங்கி ஒரு வேலைக்குப் பெயர் சூட்டலாம், அடைப்புக்குறிக்குள் மதிப்புகளை அனுப்பலாம். லோக்கல் என்று அறிவித்த மாறி அந்த வேலைக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியில் அதே பெயரில் இருப்பதைத் தொடாது. பதில் திரும்ப வேண்டுமானால் எஃப்என். ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை திரும்பச் செய்ய ரிப்பீட், அன்டில் உண்டு, எல்ஸ் உண்டு. சிறிய எழுத்தில் எழுதினால் பெயர் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம்.

இதன் அருமை திருத்தும்போதுதான் தெரிந்தது. பந்து சுவரில் மோதித் திரும்பும் நிரல் ஒன்றைப் பையன் எழுதியிருந்தான். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்து, இரண்டாவது பந்து வேண்டும் என்றான். பந்தை நகர்த்தும் ப்ராக்குக்குள் கை வைக்கவே இல்லை, வேறு மதிப்புகளோடு இன்னொரு முறை அழைத்தான், அவ்வளவுதான். இதே நிரல் கொமடோரில் இருந்திருந்தால் கோசப் 2000 (2000ஆம் வரியில் உள்ள துணைநிரலுக்குப் போ) என்பது எதைச் செய்கிறது என்று தேடுவதிலேயே மாலை போயிருக்கும். வரிகளுக்கு நடுவே இடம் இல்லாமல் போனால் பிபிசியில் ரீநம்பர் என்று அடித்தால் கோட்டு (GOTO), கோசப் எண்களையும் சேர்த்து மாற்றிக் கொடுக்கும். கொமடோர் 64இலும் 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்திலும் அந்தக் கட்டளையே இல்லை, ஒவ்வொரு வரியாகத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். லிஸ்ட்ஓ 7 போட்டால் லூப்புகளை உள்தள்ளியும் காட்டும்.

குறையே இல்லையா? உண்டு, பெரிய குறை. மாடல் பியின் 32 கிலோபைட்டில் பதினாறு நிறம் தரும் மோட் 2 திரை மட்டுமே 20 கிலோபைட்டைத் தின்றுவிடும். டிஸ்க் இணைத்திருந்தால் அதன் பங்கும் போய் நிரலுக்கும் மாறிகளுக்கும் மிஞ்சுவது 5888 பைட். கொமடோரோ 38911 பைட் காலி என்று திரையிலேயே பீற்றிக்கொள்ளும். நாங்கள் பெரும்பாலும் ஒரு கிலோபைட்டே எடுக்கும் மோட் 7 எழுத்துத் திரையில் வேலை செய்தோம், பந்துக்கு மட்டும் மோட் 5. நீளமான சாகச விளையாட்டு எழுத நினைப்பவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராமல் போகலாம். இஃப் என்ற நிபந்தனைக்கு உரியது எல்லாம் ஒரே வரியில் அடங்க வேண்டும் என்பதும் ஒரு தொல்லை.

ஜூபிட்டர் ஏஸைப் பலர் கேட்பார்கள். ஸ்பெக்ட்ரம் உருவாக்கத்தில் இருந்த ரிச்சர்ட் ஆல்ட்வாசரும் ஸ்டீவன் விக்கர்ஸும் வெளியே வந்து பேசிக்குக்குப் பதில் ஃபோர்த் மொழியை வைத்துச் செய்த கணினி அது. நான் அதில் விரல் நனைத்ததோடு சரி. சின்னச் சின்னச் சொற்களாகக் கட்டுவதால் பராமரிக்க நல்லது என்று தோன்றுகிறது, ஆனால் எண்களை முன்னால் போட்டுக் கூட்டல் குறியைப் பின்னால் போடும் முறையைச் சிறுவனிடம் சோதிக்கவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் பிபிசி மைக்ரோதான் என்பது கூடுதல் தகவல். அங்கே பழகியவர்கள் வீட்டில் இருந்தால் ரிப்பீட், அன்டில் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

தொடர்ந்து எழுத நினைப்பவருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: பிபிசி பேசிக்குக்கு ரிச்சர்ட் ரசல் எழுதிய புதிய வடிவங்கள் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடுகின்றன. பையனின் பந்து நிரல் அதில் மாற்றமில்லாமல் ஓடியது. 6502 செயலிக்கே உரிய அசெம்ப்ளர் வரிகளும் நினைவக முகவரியை நேரடியாகத் தொடும் வரிகளும் உள்ள நிரல்களை மட்டும் திருத்தித்தான் ஓட்ட வேண்டும்.