பகடையில் 1, போர்க்களத்தில் விபத்து

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் தாக்கும்போது இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் அடி தவறும். விதி அவ்வளவுதான். வாள் நழுவும், கூட்டாளி மேல் பாயும் என்பதெல்லாம் பல குழுக்கள் தாங்களே சேர்த்துக்கொண்டவை. வாய்ப்பு 5 சதவீதம். ஆனால் தேர்ந்த வீரன் ஒரே சுற்றில் பலமுறை வெட்டுவான். அதனால் கற்றுக்குட்டியைவிட அவன் வாள்தான் அடிக்கடி நழுவும். இது என்ன நியாயம்?

நிஜப் போரில் விபத்துக்குக் காரணம் உண்டு. 1460இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ், தன் பீரங்கியே வெடித்து இறந்தார். அதன் அருகில் நின்றதுதான் வினை. 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில், சான்சலர்ஸ்வில்லில் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனைச் சுட்டது அவருடைய படையே. இருட்டு, குழப்பம்.

எனக்கு இப்படிக் காரணத்தோடு வரும் விபத்துதான் சரி. நான் ஆட்டத்தை நடத்தினால், இருட்டோ நெரிசலோ பதற்றமோ இருந்தால் மட்டும் விபத்துப் பகடையை உருட்டச் சொல்வேன்.