கப்பல் பயணத்துக்கு எந்தத் துண்டு? என் ஓட்டு வடசேரித் துவர்த்துக்கு

கொச்சியில் ஏறி லட்சத்தீவு போய்வரும் கப்பலுக்கு டிக்கெட் போட்டவர்கள் பெட்டியில் என்ன துண்டு வைக்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். மெலிசான பருத்தித் துவர்த்து. எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் உடம்பு துவட்டும் மெல்லிய துண்டுக்கு அதுதான் பேர். கப்பலில் கொடுக்கும் தடித்துண்டு சாய்வு நாற்காலியில் விரித்துப் படுக்க மட்டும். உடம்பும் தலையும் துவட்ட, தீவில் மணலில் விரிக்க, அறையில் காயப்போட எல்லாம் நம்ம ஊர்த் துவர்த்துதான்.

நான் வாங்கியது நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு துணிக்கடையில். விசைத்தறித் துவர்த்து 110 ரூபாய், கைத்தறி 190. இரண்டிலும் வாங்கினேன். வெள்ளையில் சிவப்புக் கரை, நல்ல நீளம், இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகலாம். கூடவே வீட்டில் ஏற்கெனவே இருந்த 500 ஜி.எஸ்.எம். டர்க்கி டவலையும், ஆன்லைனில் வாங்கிய மைக்ரோ ஃபைபர் டவலையும் எடுத்துக்கொண்டேன். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராம் கணக்கில். 500 போட்டிருந்தால் குளியல் அளவுத் துண்டு ஒன்று அரைக் கிலோவை ஒட்டி வரும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு டர்க்கி டவலின் எடையில் மூன்று துவர்த்து வைத்துவிடலாம். நாகர்கோவில் ஜங்ஷனில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறி, எர்ணாகுளத்தில் இறங்கி, அங்கிருந்து துறைமுகத்துக்கு ஆட்டோ பிடிக்கிற குடும்பத்துக்கு இந்த எடை பெரிய விஷயம். மாமியும் பிள்ளைகளும் கூட வரும்போது பெட்டி தூக்குவது நான்தானே.

புறப்படுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொத்தவிளைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டோம். வித்தியாசம் உடனே தெரிந்தது. டர்க்கி டவல் முழுக்கச் சின்னச் சின்ன நூல் வளையங்கள். தண்ணீரைக் குடிப்பதற்காகத்தான் அப்படி நெய்கிறார்கள். அதே வளையங்கள் மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உதறினாலும் போகாது, காய்ந்த பிறகு தட்டினால் பாதி போகும், மீதி வீட்டுக்கு வரும். துவர்த்து தட்டை நெசவு. இரண்டு முனையையும் பிடித்து ஒரு உதறு, மணல் அங்கேயே போய்விட்டது. துருக்கியில் ஹமாம் குளியலறைகளில் உடுத்தும் பெஷ்டமால் என்ற துண்டும் இதே மாதிரி தட்டை நெசவுதான். அதைக் கடற்கரைத் துண்டு என்று இப்போது உலகம் முழுக்க விற்கிறார்கள், ஆன்லைனில் நம்ம துவர்த்தைவிடப் பல மடங்கு விலை.

தண்ணீர் உறிஞ்சுவதில் டர்க்கியை மிஞ்ச முடியாது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரே துடைப்பில் உடம்பு காய வேண்டுமென்றால் டர்க்கிதான். துவர்த்தில் துடைத்து, பிழிந்து, மறுபடி துடைக்க வேண்டும். ஆனால் அந்தப் பிழிதலில்தான் துவர்த்தின் பலமே இருக்கிறது. நனைந்தால் பருத்தி நூலுக்கு வலு கூடும், எவ்வளவு முறுக்கினாலும் தாங்கும். முறுக்கிப் பிழிந்ததும் பாதி காய்ந்த மாதிரி ஆகிவிடும். கனத்த டர்க்கியை யார் கையால் அப்படிப் பிழிவது? திற்பரப்பு அருவிக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு துவர்த்தை வைத்துக்கொண்டு குளித்து, துவட்டி, பிழிந்து, தோளில் போட்டு, பஸ் ஏறுவதற்குள் காயவைத்து விடுவார்கள். கப்பலுக்கும் அந்தப் பழக்கம் அப்படியே பொருந்துகிறது.

கப்பலில் கொடுக்கும் துண்டு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை போகிறவர்கள் திணறுவது அங்கேதான். அறைக் குளியலறையில் இருப்பது வெள்ளைத் துண்டு. அதை மேல்தளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. நீச்சல் குளத்துக்குத் தனித்துண்டு, நீலமாகவோ பட்டை போட்டோ இருக்கும். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கவுண்டர், அறைச் சாவி அட்டையைக் காட்டினால் உங்கள் பேரில் பதிந்து தருவார்கள். சில கப்பல்களில் அறையிலேயே வைத்துவிடுவார்கள். திருப்பிக் கொடுக்கும்போது பதிவிலிருந்து கழிக்க வேண்டும், கழிக்காவிட்டால் பில்லில் ஏறும். பெரிய அமெரிக்கக் கப்பல்களில் துண்டு ஒன்றுக்கு 20 டாலருக்கு மேல் பிடிப்பார்கள்.

எங்கள் மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, நடந்தது அதுதான். நாற்காலியில் விரித்துவிட்டுப் பிள்ளையோடு குளத்தில் இறங்கினாள். திரும்பி வந்தால் துண்டைக் காணோம். யாரோ தங்களுடையது என்று நினைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். எல்லாம் ஒரே நிறம், யாரைக் குறை சொல்ல? கவுண்டரில் போய்ச் சொன்னால், "உங்கள் கணக்கில் இருக்கிறது மேடம், கொண்டுவந்து கொடுங்கள்" என்றார்கள். கடைசி நாள் பில்லில் அந்தத் துண்டின் விலை இருந்தது. வாதாடிப் பார்த்தோம், பலிக்கவில்லை. இது சரியில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஒரே நிறத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகளை விட்டுவிட்டு, காணாமல் போனால் பயணி பொறுப்பு என்பது நியாயமான ஏற்பாடு இல்லை. துண்டில் ஒரு எண்ணாவது தைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது இதுதான். கப்பல் துண்டை நாற்காலியில் விரித்து, அதன் மேல் தலைமாட்டில் எங்கள் சிவப்புக் கரைத் துவர்த்தைப் போட்டு, இரண்டையும் சேர்த்து வீட்டிலிருந்து கொண்டுபோன துணிக் கிளிப்பால் நாற்காலிக் கம்பியில் கவ்வினோம். நடுக்கடலில் மேல்தளத்துக் காற்று சும்மா அடிக்காது, கிளிப் இல்லாவிட்டால் துண்டு பறந்து கடலுக்கே போய்விடும். சிவப்புக் கரையைத் தூரத்திலிருந்து பார்த்தாலே நம்ம இடம் தெரிந்தது. அதன் பிறகு ஒரு துண்டும் மாறிப் போகவில்லை. இன்னொன்று: துண்டை விரித்து இடம் பிடித்துவிட்டு மணிக்கணக்கில் சாப்பிடப் போகக் கூடாது. அரை மணி, முக்கால் மணிக்கு மேல் ஆள் இல்லாவிட்டால் பொருளை எடுத்துவிடுவோம் என்று பல கப்பல்களில் போர்டே வைத்திருப்பார்கள். அது நியாயமான விதி. நாற்காலி எல்லாருக்கும் உரியது.

அழுக்குத் துண்டு கொடுத்துப் புதிது வாங்கும்போதும் பதிவைக் கண்ணால் பாருங்கள். கடைசி இரவு எல்லாரும் ஒன்றாக வந்து கவுண்டரில் நிற்பார்கள், அதனால் மாலையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சொந்தமாகத் துவர்த்து இருந்தால் கப்பல் துண்டு ஆளுக்கு ஒன்று போதும். வாங்கும் துண்டு குறைந்தால் கணக்குச் சிக்கலும் குறையும்.

அறையில் காயப்போடுவது அடுத்த கவலை. பால்கனிக் கம்பியில் போடவே கூடாது. காற்றில் பறப்பது ஒரு பக்கம், மேல்தளத்தில் யாராவது எறிந்த சிகரெட் துண்டு விழுந்தால் தீ. கப்பலில் தீயைப் போலப் பயப்படுவது வேறொன்றும் இல்லை, இஸ்திரிப் பெட்டியைக்கூட உள்ளே விட மாட்டார்கள். குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடி ஒன்று பெரும்பாலும் இருக்கும், ஆனால் அங்கே காற்று கிடையாது. பெரும்பாலான கப்பல்களில் அறைச் சுவர் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நான்கு வாங்கிக்கொண்டு போங்கள். ஏ.சி. காற்று வரும் பக்கத்தில் கொக்கியை ஒட்டி, துவர்த்தை அகல விரித்துப் போட்டோம். சாயங்காலம் போட்டது சாப்பிட்டு வருவதற்குள் காய்ந்திருந்தது. டர்க்கி மறுநாள் காலையிலும் ஈரமாகத்தான் இருந்தது, லேசாக வாடையும் வந்தது.

கடலில் குளித்தபின் துவட்டிய துணியை ஒரு தடவையாவது நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அலசாத துண்டு எத்தனை நேரம் தொங்கினாலும் பிசுபிசுப்புப் போகாது. முட்டத்திலும் குளச்சலிலும் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. துவர்த்தைக் கை கழுவும் தொட்டியிலேயே அலசிவிடலாம், ஒரு செம்புத் தண்ணீர் போதும். பெரும்பாலும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துத்தான் கப்பலில் நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள், குறைவாகச் செலவழிப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

தீவுக்கு இறங்கும் நாளில் துவர்த்து இன்னும் உதவியது. கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நிற்கும், சின்னப் படகில் மாறிக் கரைக்குப் போக வேண்டும். ஏறும்போதே அலை தெறித்து நனைந்துவிடுவோம். கழுத்தில் ஒரு துவர்த்து கிடந்தால் முகம் துடைக்கலாம், தலையில் போட்டு வெயிலைத் தடுக்கலாம், பிள்ளை தூங்கினால் மேலே போர்த்தலாம். அங்கே மணல் வெள்ளையாக, பவளத் துகள் கலந்து கரகரவென்று இருக்கும். கப்பலின் நீலத் துண்டை எடுத்துப் போனவர்கள் படகில் திரும்பும்போது மடியில் மணலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமுடி பற்றிச் சொல்லாமல் விட்டால் மாமி என்னை விடமாட்டார். அவருக்கு இந்த வயதிலும் அடர்ந்த முடி. கப்பலின் வெள்ளைத் துண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கனத்தத் தலையில வச்சா களுத்து நோவும் மக்ளே, நம்ம துவர்த்த எடு" என்றார். ஈரமுடியைத் துவர்த்தோடு சேர்த்து முறுக்கிக் கொண்டையாக ஒரு செருகு. சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்து காபி குடித்து முடிக்கும் வரை அவிழவில்லை. நீளமான முடி உள்ள பெண்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மைக்ரோ ஃபைபர் பற்றிச் சுருக்கமாக. பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த நூல், கைக்குட்டை அளவுக்கு மடியும், துவர்த்தைவிடவும் சீக்கிரம் காயும். எடைதான் முக்கியம் என்பவர்களுக்குச் சரி. எனக்கு அது தோலில் ஒட்டி இழுப்பது பிடிக்கவில்லை, வியர்வை வாடையும் தங்கிவிட்டது. துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் நூல்கள் உதிரும், அது கடைசியில் கடலுக்குத்தான் போகும். பவளப்பாறையைப் பார்க்கப் போகிற பயணத்தில் அது எனக்கு ஒப்பவில்லை.

இனி துவர்த்தின் குறைகள். நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும், குளத்திலிருந்து ஏறியதும் இடுப்பில் சுற்றிக்கொண்டு நடக்கப் பெண்களுக்கு ஆகாது. அதற்கு ஒரு நைட்டியோ மேல் அங்கியோ தனியாக வேண்டும். ஏ.சி. குளிரில் நடுங்கும் பிள்ளையைப் போர்த்த இது காணாது, அங்கே கப்பல் துண்டைத்தான் எடுத்தேன். வெறும் துவர்த்தை விரித்துப் படுத்தால் நாற்காலிப் பட்டை முதுகில் குத்தும். விசைத்தறியில் சிவப்புக் கரை முதல் இரண்டு சலவைக்குச் சாயம் விட்டது, கைத்தறியில் விடவில்லை. அடித்துத் துவைக்கும் ஆள் என்றால் விசைத்தறி, கையால் அலசிப் போடுவீர்கள் என்றால் கைத்தறி. தொடுவதற்கு மென்மை கைத்தறியில்தான்.

புதுத் துவர்த்து அப்படியே பெட்டியில் போகக் கூடாது. அதில் கஞ்சி இருக்கும், தண்ணீர் மேலே முத்து முத்தாக நிற்கும். கடைக்கார அண்ணாச்சி சொன்னார்: "ஒரு ராத்திரி வெள்ளத்தில போட்டு வையி மக்ளே, பொறவு ரெண்டு தடவ அலசு, அப்பதான் வெள்ளம் குடிக்கும்." வெள்ளம் என்றால் எங்கள் ஊரில் தண்ணீர். அப்படியே செய்தேன், சரியாக இருந்தது. துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் ஊற்றாதீர்கள். அது நூலில் ஒரு படலம் போட்டுவிடும், எந்தத் துண்டானாலும் உறிஞ்சுவது குறையும்.

கடையில் எடுக்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நெசவு ஒரே சீராக இருக்க வேண்டும். அங்கங்கே இடைவெளி தெரிந்தால் வேண்டாம். முனை மடித்துத் தைத்ததா, நூல் தொங்குகிறதா என்று பாருங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு ஆறு துவர்த்து போதும்: ஆளுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, தீவு நாளுக்கு மாற்று ஒன்று. எட்டு துணிக் கிளிப்பும் நான்கு காந்தக் கொக்கியும் சேர்த்தாலும் மொத்தச் செலவு ஆயிரத்துச் சொச்சம்தான் வரும். லட்சத்தீவுக்குக் கப்பல் நன்றாக ஓடுவது அக்டோபரிலிருந்து மே நடு வரை, அதனால் ஓணத் தள்ளுபடி சமயத்திலேயே வாங்கி அலசி வைத்துவிடுங்கள்.