சுங்கை சிப்புட் பட்டாளச் சாமான் கடை: பெட்டியை வாங்கலாம், பூட்ஸ் வேண்டாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் ஊரின் பழைய கடை வரிசையில் பட்டாளச் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. போர்டு கிடையாது, வாசலில் தொங்கும் பச்சை வலைதான் அடையாளம். முதுகுப்பை, தண்ணீர்க் குப்பி, மழைத்துணி எல்லாம் உண்டு. ஆனால் தோட்டத்து ஆட்கள் அங்கே போவது காலித் தோட்டாப் பெட்டிக்குத்தான். ஸ்பேனர், தூண்டில் சாமான், கைபேசி, எதைப் போட்டு மூடினாலும் மழை உள்ளே இறங்காது. நான் பட்டாளத்தில் வெடிமருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவன். எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கான 7.62 மி.மீ. தோட்டாக்களை எண்ணுவதும் துடைப்பதும் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அதனால் மற்ற சாமானை விட்டுவிட்டுப் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன்.

தோட்டா அங்கே கிடைக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாவிக்கொத்தில் மாட்ட வெற்றுக் கூடாவது இருக்கிறதா என்று கேட்ட ஒரு பையனை, “போலீஸ் வந்தா நீ பதில் சொல்லுவியா?” என்று தௌக்கே, அதாவது கடை முதலாளி, விரட்டிவிட்டார். சரியான காரியம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியதே இந்த ஊரைச் சுற்றிய தோட்டங்களில்தான். செம்பனை நடத் தோண்டும்போது பழைய தோட்டா ஏதாவது தட்டுப்பட்டால் கை வைக்காமல் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். அமெரிக்கப் பெட்டி இரண்டு அளவில் இருக்கிறது. ஒல்லியானது எம்19ஏ1, அகலமானது எம்2ஏ1. அசலா என்று பார்க்கப் பக்கவாட்டு மஞ்சள் எழுத்தைப் படியுங்கள். நான் வாங்கிய ஒல்லிப் பெட்டியில் 200 தோட்டா, 7.62, நான்கு சாதா ஒரு டிரேசர், சங்கிலியாகக் கோத்தது என்று இருந்தது. இயந்திரத் துப்பாக்கிக்குப் போனது என்று அதிலேயே தெரிந்துவிடும். டிரேசர் எரிந்துகொண்டே பறக்கும், சுடுகிறவன் அதை வைத்துக் குறியைத் திருத்திக்கொள்வான். அருகில் வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் நேட்டோ அளவு. லாட் எண், அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண், எல்.சி. என்று தொடங்கினால் மிசௌரி மாநிலத்து லேக் சிட்டி ஆலைச் சரக்கு. நகல் பெட்டியில் பெரும்பாலும் இவ்வளவு விவரம் இருக்காது, வெறும் பச்சைதான்.

எழுத்தைவிட முக்கியம் மூடியின் ரப்பர். நகத்தால் அழுத்துங்கள், உடனே எழும்பி வரவேண்டும். ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடி, கொக்கியைப் போட்டு இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் தண்ணீர் போகும். நான்கு பக்கமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கீழே விழுந்த பெட்டிக்கு ஒரு மூலை மட்டும் கோணியிருக்கும். தௌக்கே துருப்பிடித்த பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தும் விற்கிறார். அதுதான் எனக்குப் பிடிக்காதது. ரப்பர் மேலேயே பச்சை பெயின்ட் தெரிந்தால் வாங்காதீர்கள். பெயின்ட் காய்ந்து வெடித்தபின் மூடி சரியாகப் படியாது. கேட்டால் மறைக்கமாட்டார், “அது பெயின்ட் அடிச்சது அண்ணே, இது ஒரிஜினல்” என்று அவரே பிரித்துக் காட்டுவார். ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை சொல்வது என்ன நியாயம்? அசல் எம்2ஏ1 சுமார் இரண்டரை கிலோ கனக்கும். தூக்கும்போதே நகலின் தகரம் காட்டிக்கொடுத்துவிடும்.

கடையின் பின்பக்கம் ஒரு வாளி நிறையப் பித்தளைக் கொக்கிகள் கிடக்கின்றன. அவற்றை வாங்கினால் ரப்பர் பால் ஸ்டோரில் வைக்காதீர்கள். பால் உறையாமல் இருக்க ஊற்றும் அமோனியா பித்தளைக்கு ஆகாது. வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் சுடாமலே விரிசல் விட்டன. மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் காரணம் என்று 1921இல்தான் விளக்கம் வந்தது. கிடங்கில் நாங்கள் தோட்டாவின் கழுத்தைத்தான் முதலில் பார்ப்போம். முடி போல ஒரு கோடு தெரிந்தாலும் தனியே எடுத்துவைப்போம். பச்சைக் களிம்பு பிடித்தது, அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் மூட்டி எழும்பி நிற்பது, குண்டு உள்ளே அமுங்கியது, இவையும் அப்படித்தான். வெளியே பளபளப்பதால் மட்டும் நல்ல தோட்டா ஆகிவிடாது. வெயிலில் வெந்த சரக்கில் மருந்து கெட்டுப்போயிருக்கலாம், அதனால்தான் லாட் எண்ணை வைத்து மாதிரி எடுத்துச் சுட்டுப் பார்ப்பார்கள்.

பூட்ஸ் வேண்டவே வேண்டாம். பழைய பாலியூரித்தேன் அடிப்பாகம் நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, போட்டு நடந்தால் வறட்டு ரொட்டி மாதிரி உதிரும். மடித்து வளைத்துப் பார்க்கத் தௌக்கே விடுவதில்லை, அதிலேயே விஷயம் புரிந்துவிடும். தண்ணீர்க் குப்பி பரவாயில்லை, மூடியை மட்டும் முகர்ந்து பாருங்கள்.

ஒல்லிப் பெட்டி 60 வெள்ளி (ரிங்கிட்), அகலப் பெட்டி 85. இரண்டாக எடுத்தால் பத்து வெள்ளி குறைப்பார், அதற்குமேல் பேசினால் சீன மொழிக்கு மாறிவிடுவார். அரிசி, பருப்பு வைக்க வாங்காதீர்கள், உள்ளே ஈயத் தூசி இருக்கலாம். கார்டு செல்லாது, காசு எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு மூடிவிடுவார்.